கியூம்ரி: கறுப்புக் கல் நகரத்துக்குக் கேமராவோடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஆர்மேனியாவின் கியூம்ரி நகரத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒரு பிப்ரவரியில், பனி முழங்கால் அளவு கிடந்தபோது. அடுத்த முறை ஓர் அக்டோபரில். படங்களைப் பார்த்த நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கியூம்ரி எங்கே இருக்கிறது? தலைநகர் யெரெவானை விட்டுவிட்டு அங்கே ஏன் போனீர்கள்?

ஆர்மேனியாவின் வடமேற்கு மூலையில், ஷிராக் மாகாணத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மரம் அதிகமில்லாத விரிந்த மேட்டுச் சமவெளி. யெரெவானிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். நாட்டின் இரண்டாவது பெரிய நகரம் இதுதான். ஆனாலும் மக்கள்தொகை ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மேற்கே சற்றுத் தூரம் போனால் அக்குரியான் ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் துருக்கி. 1993 முதல் அந்த எல்லை மூடியே கிடக்கிறது.

யெரெவான் அழகான ஊர்தான். ஆனால் இன்று நாம் பார்க்கும் யெரெவான் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் திட்டம் போட்டுக் கட்டப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தெருக்கள் தெருக்களாகவே மிஞ்சியிருப்பது கியூம்ரியில். கறுப்புச் சுவர், சன்னலைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் ஒரு கரை, சன்னல் விளிம்பில் ஒரு சாண் பனி: இப்படி ஒரு படத்தை எங்கோ பார்த்தேன். யார் எடுத்தது என்று நினைவில்லை. கண்ணை விட்டு அது போகவேயில்லை, அதனால் போனேன்.

ஒரே ஊருக்கு எத்தனை பெயர்கள்? குழப்பமாக இருக்கிறதே?

பழைய பெயர் குமாய்ரி. 1837இல் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் இங்கே வந்தபோது தன் மனைவி அலெக்சாந்திராவின் பெயரை ஊருக்கு வைத்தார், அலெக்சாந்திரபோல் ஆனது. 1924இல் லெனின் இறந்ததும் லெனினாகன். சோவியத் ஆட்சி முடிகிற நேரத்தில் பழைய பெயர் திரும்பி வந்து, கடைசியில் கியூம்ரி என்று நிலைத்தது. முதியவர்கள் சிலரின் வாயில் இன்றும் லெனினாகன் என்றுதான் வருகிறது.

பழைய படங்களைத் தேடுகிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் அவசியம். 1920களின் தொடக்கத்துப் படங்கள் வேண்டுமென்றால் அலெக்சாந்திரபோல் என்று தேட வேண்டும். அப்படித் தேடினால் முதலில் வந்து நிற்பது அநாதைக் குழந்தைகளின் படங்கள். 1915இல் தொடங்கிய ஆர்மேனிய இனப்படுகொலையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை, நியர் ஈஸ்ட் ரிலீஃப் என்ற அமெரிக்க அமைப்பு இந்த ஊரின் பழைய ரஷ்யப் படைவீடுகளில் வைத்து வளர்த்தது. ஒரு கட்டத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இங்கே இருந்தார்கள். 'அநாதைகளின் நகரம்' என்றே அதற்குப் பெயர்.

அதில் ஒரு படம் உண்டு. பிள்ளைகளைத் திடலில் எழுத்து வடிவத்தில் நிறுத்தி, 'அமெரிக்காவே, உனக்கு நன்றி' என்று ஆங்கிலத்தில் எழுதவைத்து, உயரத்திலிருந்து எடுத்தது. அந்தப் படத்தை நான் பலமுறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒரு முகம்கூடத் தெரியவில்லை. உதவி செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் பிழைத்திருக்க மாட்டார்கள். ஆனால் கியூம்ரியில் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் அந்தப் படம் நினைவுக்கு வந்தது. இந்த ஊரில் முகங்களை எடுக்க வேண்டும் என்று நான் முடிவு செய்ததற்கு அதுவே காரணம்.

அந்தக் கறுப்புக் கல் என்ன கல்? அதைப் படமெடுப்பது சிரமமா?

டஃப் என்பார்கள். எரிமலைச் சாம்பல் இறுகிப் பாறையானது. எடை குறைவு, உளிக்கு எளிதாக இணங்கும், அதனால் கொத்தனார்கள் விரும்பும் கல். ஆர்மேனியா முழுக்க இந்தக் கல்தான். யெரெவானில் இளஞ்சிவப்பு, கியூம்ரியில் கறுப்பும் செம்மையும். சுவரைக் கறுப்பில் எழுப்பி, வாசல் வளைவையும் சன்னல் ஓரத்தையும் செந்நிறத்தில் வைப்பது இந்த ஊர் வழக்கம். குமாய்ரி என்று இன்றும் அழைக்கப்படும் பழைய பகுதியில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருக்கின்றன.

சிரமம் உண்டு. கேமராவின் ஒளி அளவி எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கறுப்புச் சுவரைக் காட்டினால் 'வெளிச்சம் போதவில்லை' என்று நினைத்துக்கொண்டு சுவரை வெளுத்துவிடும். பனியைக் காட்டினால் எதிர்ப்பக்கம் போய்ப் பனியை அழுக்காக்கிவிடும். சுவர் மட்டும் சட்டகத்தில் இருந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறையுங்கள். பனி நிறைந்திருந்தால் ஒரு ஸ்டாப், சில நேரம் ஒன்றரை, கூட்டுங்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் ரா கோப்பில் (கேமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்து, பனியில் விவரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், எரிந்துபோன வெள்ளையை மீட்க முடியாது. முகம் இருந்தால் முகத்துக்கு மட்டும் அளந்து எடுங்கள், சுவர் எப்படிப் போனாலும் போகட்டும்.

உச்சி வெயிலில் இந்தச் சுவர்கள் செத்துக் கிடக்கும். காலையிலும் மாலையிலும் வெளிச்சம் பக்கவாட்டில் உரசும்போது ஒவ்வொரு கல்லிலும் உளி போன தடம் எழுந்து நிற்கும். மழை விட்ட பத்து நிமிடம் இன்னும் நல்லது, ஈரக் கறுப்பு பளபளக்கும், பக்கத்துச் செந்நிறக் கல் அதில் லேசாக எதிரொளிக்கும். அக்டோபரில் அந்தப் பத்து நிமிடத்துக்காக மட்டும் அபோவியான் தெருவில் ஒரு கடைத் திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே போய்ப் பார்க்கும்படி என்ன இருக்கிறது?

மூன்று வீடுகளைச் சொல்வேன்.

1872இல் செந்நிற டஃபில் கட்டிய ட்சிதோக்சியான் குடும்ப வீடு இப்போது அருங்காட்சியகம். கணப்பு, பித்தளைப் பாத்திரம், தையல் இயந்திரம், தச்சர் கருவிகள் என்று அந்தக் காலத்துக் கியூம்ரி வீட்டுக்குள் புழங்கியதெல்லாம் இருக்கிறது.

அஸ்லமாசியான் சகோதரிகளின் ஓவியக்கூடம் அடுத்தது. மரியம், யெரனுகி இருவரும் இந்த ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர்கள். வெளியே கறுப்புச் சுவர், கதவைத் திறந்து உள்ளே போனால் மஞ்சளும் கருஞ்சிவப்பும் நீலமுமாக நிறம் கொட்டிக் கிடக்கும். குளிர்காலத்தில் சாம்பல் வானத்தின் கீழே நாள் முழுக்க நடந்துவிட்டு உள்ளே போனால் கண் கூசுகிறது. மரியம் இந்தியாவுக்கும் வந்து வரைந்தவர்.

மூன்றாவது, சிற்பி செர்கெய் மெர்குரோவின் அருங்காட்சியகம். இறந்தவர்களின் முகத்தை அச்செடுத்து முகமூடி வார்ப்பதில் பேர்பெற்றவர். டால்ஸ்டாய்க்கும் லெனினுக்கும் எடுத்தவர் அவரே. சுவரில் வரிசையாக முகங்கள், கண்கள் மூடியபடி. படமெடுப்பது என்றால் என்ன என்ற கேள்வியை அந்த அறைபோல் வேறெந்த இடமும் என்னிடம் கேட்டதில்லை.

1988 நிலநடுக்கத்தின் இடிபாடுகள் இன்னும் இருக்கின்றனவா? அவற்றைப் படமெடுக்கலாமா?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1988 டிசம்பர் 7, காலை 11:41. ரிக்டர் அளவு 6.8. ஸ்பிடாக் என்ற சிறிய நகரம் மையப்பகுதி, அது முழுதாகவே அழிந்தது. வட ஆர்மேனியாவில் குறைந்தது 25,000 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பகுதி அன்றைய லெனினாகனில். வேலைநாள். பிள்ளைகள் வகுப்பறையில் இருந்த நேரம். சோவியத் காலத்தில் அவசரமாக எழுப்பிய ஒன்பது மாடிக் குடியிருப்புகள் அடுக்கி வைத்த தட்டுகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. ஊருக்கு அடியில் பழைய ஏரிப்படிவ மண் ஆழமாகக் கிடக்கிறது, அது அதிர்வைக் கூட்டியது. நூறு ஆண்டுக்கு முன் கொத்தனார்கள் கட்டிய ஒன்றிரண்டு மாடிக் கல்வீடுகளில் நிறைய நின்றன. பழைய கியூம்ரியை நாம் இன்று பார்க்க முடிவதற்கு அதுவே காரணம்.

வீடிழந்தவர்களுக்குத் தற்காலிகமாகத் தகரமும் பலகையும் வைத்து அறைகள் கொடுத்தார்கள். ரஷ்ய மொழியில் டோமிக், அதாவது குட்டி வீடு. இரண்டு ஆண்டுக்கென்று வந்த டோமிக்கில் முப்பது ஆண்டு கழித்த குடும்பங்கள் உண்டு. சோவியத் ஒன்றியமே உடைந்தது, போர் வந்தது, எல்லைகள் மூடின, தொழிற்சாலைகள் நின்றன. கட்டித்தர வேண்டியவர்கள் யாரும் இல்லாமல் போனார்கள்.

படமெடுக்கலாமா என்றால், தடையில்லை. எடுக்க வேண்டுமா என்பது வேறு. முதல் பயணத்தின் முதல் இரண்டு நாள் நான் எடுத்ததெல்லாம் விரிசல், இடிந்த சுவர், கூரையில்லாத கூடம். மூன்றாம் நாள் ஒரு டோமிக் வரிசையில் நின்று தகரச் சுவரின் துருவை எடுத்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு ஒரு பாட்டி வந்தார். கோபப்படவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். நடுவில் ஒரு தகர அடுப்பு, அதன் புகைக்குழாய்க்கு அவரே வெள்ளிப் பூச்சு அடித்திருந்தார். 'இதை எடு' என்று சைகையால் சொன்னார். துரு ஏறவிடாமல் ஒவ்வோர் ஆண்டும் குளிர் தொடங்குமுன் பூசுவாராம். பக்கத்து வீட்டுப் பெண் பிறகு மொழிபெயர்த்துச் சொன்னார்.

வெளிச்சுவரின் துருவுக்கும் உள்ளே இருந்த குழாயின் பளபளப்புக்கும் நடுவே நான்கு அங்குலப் பலகைதான். வெளியே நின்று துருவை மட்டும் எடுத்துப் போயிருந்தால், பொய் சொல்லாமலே தவறான படம் ஒன்றைக் கொண்டுவந்திருப்பேன். அன்று இரவு முதல் இரண்டு நாள் படங்களில் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிட்டேன்.

நிலநடுக்கத்தைப் படத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் வர்தனாந்த்ஸ் சதுக்கத்துக்குப் போங்கள். அங்கே இரண்டு தேவாலயங்கள். 'ஏழு காயங்கள்' என்று பொருள்படும் யோத் வேர்க், சோவியத் காலத்திலும் வழிபாடு நிற்காத கோயில். நிலநடுக்கத்தில் விழுந்த அதன் சிறிய குவிமாடங்களைத் தூக்கி எறியாமல் முற்றத்தில் தரையிலேயே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அவற்றைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். எதிர்ப்பக்கம் அமெனாப்ர்கிச், மீட்பர் தேவாலயம். எல்லைக்கு அப்பால் துருக்கியில் இருக்கும் பழைய ஆர்மேனியத் தலைநகர் ஆனியின் பேராலயத்தை மாதிரியாக வைத்து 19ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. 1988இல் பெரும்பகுதி சரிந்து, பல பத்தாண்டுகளாகச் சீரமைக்கப்பட்டது. பழைய கல்லும் புதிய கல்லும் சேரும் கோடு சுவரில் தெரிகிறது, ஒட்டுப்போட்ட துணியின் தையல்போல. அந்தக் கோட்டை மட்டும் எடுத்தேன். எனக்குப் போதுமானதாக இருந்தது.

மக்கள் உண்மையிலேயே அவ்வளவு விருந்தோம்பலா? கேமராவைப் பார்த்தால் முகம் சுளிப்பார்களா?

சுளிப்பவர்கள் மிகக் குறைவு. பெரிய சிக்கல் வேறு: படமெடுக்க நேரம் கிடைக்காது. ஒரு வீட்டு வாசலில் நின்றால் காபி வரும். சூர்ச் என்பார்கள். நீளப் பிடிவைத்த சிறிய செம்புக் குடுவையில் பொங்க வைத்து, வடிகட்டாமல் ஊற்றுவது. அதோடு வால்நட், உலர்ந்த பாதாமி, முழுப் பச்சை வால்நட்டைப் பாகில் போட்ட கரிய ஜாம். குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து, வண்டல் ஓடிய கோலத்தைப் பார்த்துப் பாட்டி ஒருவர் எதிர்காலம் சொல்வார். ஒரு மணி நேரம் போயிருக்கும், வெளிச்சமும் போயிருக்கும்.

இதை நேர விரயம் என்று முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது, அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த படங்களில் மட்டுமே அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். அதற்கு முன் எடுத்தவற்றில் கேமராவைப் பார்க்கிறார்கள். அதனால் என் ஒழுங்கு இதுதான்: மேசையில் தட்டு வைத்திருக்கும் வரை கேமரா பைக்குள். சாப்பிட்டுவிட்டுக் கேட்பேன்.

கேட்பதற்கு ஒரு வாக்கியம் போதும்: 'கரெலி ஏ ந்கரெல்?' படம் எடுக்கலாமா என்று பொருள். வணக்கத்துக்கு 'பரேவ் ட்சேஸ்'. நன்றிக்கு ஷ்னோர்ஹகலுத்யுன் என்ற நீண்ட சொல் இருக்கிறது, ஆனால் பேச்சில் எல்லாரும் பிரெஞ்சுக்காரர்போல் 'மெர்சி' என்றே சொல்கிறார்கள்.

பெயரோடு 'ஜான்' சேர்த்துக் கூப்பிடுவார்கள். நம் 'கண்ணு' மாதிரி, எந்த வயதுக்கும் செல்லும். இன்னொன்று 'ட்சாவத் தனெம்'. உன் வலியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று நேர்ப்பொருள். கீரை விற்கும் அம்மா மீதிச் சில்லறை கொடுக்கும்போதும் சொல்வார், பனியில் வழுக்கியவரைத் தூக்கிவிடுகிறவரும் சொல்வார். இத்தனை இழந்த ஊரில் இந்தச் சொல்லைச் சந்தையில் சில்லறையோடு சேர்த்துக் கொடுப்பதைக் கேட்டு நான் கொஞ்ச நேரம் நகராமல் நின்றேன்.

கல்யாணம் ஆயிற்றா, எத்தனை பிள்ளைகள், ஏன் தனியாக வந்தாய், சம்பளம் என்ன: எல்லாம் கேட்பார்கள். நமக்குப் பழக்கமான கேள்விகளே.

கியூம்ரி சிரிப்புக்குப் பேர்போன ஊர் என்கிறார்களே?

ஆமாம். ஆர்மேனியா முழுக்க 'கியூம்ரிக்காரர்' என்றாலே ஒரு புன்னகை வரும். பொலோஸ் முகுச் என்ற உள்ளூர்க்காரரின் வேடிக்கைப் பேச்சுகள் நம் தெனாலிராமன் கதைகள்போல இன்றும் வாய்வழி ஓடுகின்றன. எல்லோரும் கொண்டாடும் திரைநடிகர் ஃப்ருன்சிக் மகர்த்சியான் பிறந்ததும் இங்கேதான். தெருவில் கேமராவைத் தூக்கினால் நான்கு பேரில் ஒருவர் ஏதாவது நாடகம் ஆடிக் காட்டுவார். ஆடி முடித்து, கை தளர்ந்து, மூச்சு விடுகிற அந்த நொடிக்குக் காத்திருங்கள்.

கொல்லர் பட்டறைகளைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் படங்களில் அதுதான் அதிகம்.

19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இன்று துருக்கியில் இருக்கும் கார்ஸ், எர்ஸுரூம் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த ஆர்மேனியர்களால் வளர்ந்த ஊர் இது. அவர்களில் கைவினைஞர்கள் ஏராளம். கல்தச்சர், மரத்தச்சர், கொல்லர் என்று தெருத்தெருவாகத் தொழில்கள். தேர்ந்த கைவினைஞரை 'வர்பெத்' என்று மரியாதையோடு அழைப்பார்கள், நம் 'ஆசாரி', 'மேஸ்திரி' இரண்டின் எடையும் அதில் சேர்ந்திருக்கிறது. கியூம்ரியின் கொல்லத் தொழில் மரபை யுனெஸ்கோ 2023இல் மானுடத்தின் வழிவழிப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

ஊரில் நடக்கும்போது இரும்பைப் பாருங்கள். பால்கனிக் கிராதி, கதவு தட்டும் வளையம், வாசல் கேட், மாடிப்படிக் கைப்பிடி. ஒன்றில் கொடி சுற்றினால் அடுத்ததில் பறவை, ஒரே அச்சில் இரண்டைப் பார்க்க முடியாது. கறுப்புக் கல்லின் முன்னால் கறுப்பு இரும்பு என்பதால் நேராக நின்று பார்த்தால் தெரியாது. பனி பெய்த மறுநாள் ஒவ்வொரு வளைவிலும் வெள்ளைக் கோடு உட்கார்ந்திருக்கும், அன்றைக்கு ஊரின் இரும்பு முழுவதையும் பார்த்துவிடலாம்.

நான் அதிகம் போனது ஓர் அறுபது வயதுக் கொல்லரின் பட்டறைக்கு. அப்பாவும் தாத்தாவும் அதே உலையில் வேலை செய்தவர்கள். உள்ளே வெளிச்சம் உலையிலிருந்தும் கூரை ஓட்டையிலிருந்தும் மட்டும். ஃபிளாஷ் போடவே கூடாது, அவர் இரும்பின் சூட்டை அதன் நிறத்தைப் பார்த்துத்தான் அறிகிறார், குறுக்கே ஒரு மின்னல் அடித்தால் அவர் கண் கெட்டு வேலை கெடும். ஐஎஸ்ஓ 3200, எஃப் 2, ஷட்டர் 1/125 வைத்தால் முகமும் கையும் கிடைக்கும். பொறி கோடாகப் பறக்க வேண்டும் என்றால் 1/30க்கு இறங்கி, தூணில் சாய்ந்துகொண்டு எடுங்கள். வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விட்டால் நெருப்பின் செம்மையைக் கழுவிவிடும், பகல் வெளிச்சத்துக்கு வைத்துப் பூட்டிவிடுங்கள்.

முக்கியமானது ஒலி. சம்மட்டி இரண்டு முறை இரும்பில் விழும், மூன்றாவது பட்டடையில் லேசாகத் தட்டும். அந்த மூன்றாவது தட்டில் அவர் இரும்பைத் திருப்புகிறார், அப்போது முகம் உலையின் பக்கம் வரும். அரை மணி நேரம் கேமராவைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் படம் எங்கே இருக்கிறது என்று காது சொல்லிவிடும்.

எந்த மாதம் போகலாம்? குளிர் தாங்குமா?

செப்டம்பர் பிற்பகுதியும் அக்டோபரும் எல்லாருக்கும் ஏற்றவை. ஜனவரி, பிப்ரவரியில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக்குப் போகும் இரவுகள் உண்டு. ஆர்மேனியாவிலேயே குளிர் கடுமையான பகுதிகளில் ஷிராக் ஒன்று. ஆனாலும் ஊரின் முழு அழகு பனியில்தான் என்பது என் கருத்து.

முதல் நாள் காலை என் பேட்டரி நாற்பது படத்தில் படுத்துவிட்டது. குளிரில் அதன் வலு இறங்கிவிடும், கெட்டுப்போனதாகப் பயப்பட வேண்டாம். உபரிப் பேட்டரிகளைச் சட்டைக்கு உள்ளே உடம்போடு ஒட்டி வையுங்கள், சூடானால் உயிர் வரும். வெளியிலிருந்து சூடான அறைக்குள் நுழையுமுன் கேமராவைப் பையில் போட்டு மூடிவிடுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும், கேமராவின் உள்ளேயும்தான். விரல்நுனி திறந்து மூடும் கையுறை வாங்குங்கள்.

எந்த லென்ஸ் எடுத்துப் போவது?

35 மிமீ ஒன்று போதும். வீடுகளும் பட்டறைகளும் சின்னவை, பின்னால் நகர இடமிருக்காது. முகத்துக்கு 85 மிமீ கொண்டுபோனேன், நான்கு நாள் பையிலேயே கிடந்தது. அவர்கள் பக்கத்தில் உட்காரவைத்துவிடுகிறார்கள், தூரத்து லென்ஸுக்கு வேலையில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும். பனிர்காஷ் என்பது கியூம்ரிக்கே உரிய உணவு: காய்ந்த லவாஷ் ரொட்டியைக் கிழித்துப் போட்டு, நூல்நூலாகப் பிரியும் பாலாடைக்கட்டியும் வெண்ணெயில் வதக்கிய வெங்காயமும் அடுக்கி, வெந்நீர் ஊற்றி ஊறவைப்பது. குளிரில் இதைவிட நல்ல காலை உணவு வேண்டாம். நோன்பு நாட்களில் பருப்பு, கொண்டைக்கடலை, பீன்ஸ் எல்லாம் கலந்து முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய டோல்மா கிடைக்கும், இறைச்சி இல்லாதது. 'தான்' என்று ஒரு பானம் தருவார்கள், உப்புப் போட்ட மோர், நம் வீட்டு மோரேதான். உள்ளே கஸ்டர்டு வைத்துப் பொரித்த பொன்சிக் சுடச்சுட வாங்கிச் சாப்பிட வேண்டியது.

அசைவர்களுக்குக் குளிர்காலத்தில் காஷ்: மாட்டுக் காலை இரவு முழுக்கக் கொதிக்கவைத்த கஞ்சி, பூண்டு, லவாஷ், கூடவே வோட்கா. விடியற்காலையில் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவது. அழைத்தால் மறுக்காதீர்கள், சாப்பிடாவிட்டாலும் அந்த மேசையில் உட்காரலாம். குடிக்காதவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பழரசம் ஊற்றித் தருவார்கள், வாழ்த்துச் சொல்லும்போது அதையே உயர்த்தினால் போதும்.

எங்கே கேமராவை உள்ளே வைக்க வேண்டும்?

கியூம்ரியில் ரஷ்யப் படைத்தளம் இருக்கிறது, அதன் பக்கம் கேமராவைக் காட்ட வேண்டாம். எல்லைப் பகுதியிலும் அப்படியே. ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். தேவாலயத்தில் திருப்பலி நடக்கும்போது எடுக்காமல் இருப்பது மரியாதை, முடிந்த பிறகு குருவானவரிடம் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்.

எப்படிப் போவது?

யெரெவானிலிருந்து ரயில் இருக்கிறது. விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மார்ஷ்ருத்கா எனப்படும் சிற்றுந்துகளும் நாள் முழுக்க ஓடுகின்றன. போகும்போது ரயிலில் போங்கள். வழியெல்லாம் வலப்பக்கம் 4,090 மீட்டர் உயர அரகாட்ஸ் மலை கூடவே வரும். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் இ-விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் புறப்படுமுன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிற்பகல் மிச்சமிருந்தால் பத்துக் கிலோமீட்டர் தள்ளி அக்குரியான் பள்ளத்தாக்கில் இருக்கும் மர்மஷென் மடாலயத்துக்குப் போங்கள். 10, 11ஆம் நூற்றாண்டுச் செங்கல் நிறக் கோயில். மாலை நாலு மணி வெயில்.

ஆர்மேனியர்களுக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு என்று நாம் சொல்வதே ஆர்மேனியத் தெருதான். அங்கே 1772இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. உலகின் முதல் ஆர்மேனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் சென்னையில்தான் அச்சானது. அந்தச் சென்னை ஆர்மேனியர்கள் பெரும்பாலும் பாரசீகத்தின் ஜூல்ஃபாவிலிருந்து வந்த வணிகர்கள், கியூம்ரிக்காரர்கள் அல்ல. அதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனாலும் யோத் வேர்க் தேவாலயத்தில் மெழுகுவத்தி விற்கும் பெரியவரிடம் நம் சென்னை ஆர்மேனியத் தேவாலய முற்றத்துக் கல்லறைக் கற்களின் படங்களை அலைபேசியில் காட்டினேன். சிறுவயது முதல் நான் கடந்துபோகும் இடம். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக உரக்கப் படித்தார். வரிசையில் நின்றவர்களும் சுற்றி வந்து கேட்டார்கள். என் ஊரில் புதைந்தவரின் பெயரை நான் முதன்முதலில் கேட்டது கியூம்ரியில்.

எடுத்த படங்களை அவர்களுக்குக் கொடுத்தீர்களா?

கொடுத்தேன். அக்டோபரில் இரண்டாம் முறை போனதே முக்கியமாக அதற்குத்தான். நாற்பது பிரதிகள் அச்சிட்டு எடுத்துப் போனேன். அலைபேசியில் அனுப்பலாம்தான், ஆனால் அங்கே வீடுகளில் படம் என்றால் சுவரிலோ அலமாரியிலோ நிற்பது.

டோமிக் பாட்டி புகைக்குழாய்ப் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஆண்டின் பூச்சு இன்னும் அடிக்கவில்லையே என்று கவலைப்பட்டார். கொல்லர் தன் படத்தை வாசலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். உலை வெளிச்சம் பாதி முகத்தில், சம்மட்டி உயர்ந்தபடி. நான் கண்காட்சிக்கென்று தேர்ந்து வைத்திருந்தது. குறடு பிடித்த இடக்கையைக் காட்டி ஏதோ சொன்னார், மகன் மொழிபெயர்த்தான்: 'இப்படிப் பிடித்தால் இரும்பு நழுவிவிடும். இது உங்களுக்காக நின்றது, வேலை இல்லை.' பிறகு துருத்தியை ஊதி, ஒரு கம்பியை உலைக்குள் வைத்து, என்னை அவருக்குப் பின்னால் இடப்பக்கமாக நிற்கச் சொன்னார். அங்கிருந்து முகம் தெரியவில்லை. கழுத்தும் தோளும் அந்த இடக்கையும் மட்டும். கண்காட்சியில் இப்போது இருப்பது அந்தப் படம்.